கப்பல் வராத நாள்கள்

"அப்பனுக்கு ஒரு நாள் வேலை கீது, ரெண்டு நாள் இல்லே. இந்தப் பொண்ணு பட்ச்சு இன்னாத்தக் கிழிக்கப் போவுது?"

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, தண்டையார்பேட்டைக் குழாயடியில் எதிர்வீட்டு அத்தை என் அம்மாவிடம் கேட்டது இது. நைனாவின் அலுமினியத் தூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. நைனா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். விடியும்போதே தூக்கில் கூழோடு போய், துறைமுக வாசலில் கூட்டத்தோடு நிற்பார். கப்பல் வந்திருந்தால் மேஸ்திரி ஆள் பொறுக்குவார். வராவிட்டால், சங்கு ஊதியதும் கூழ் குறையாத தூக்கோடு திரும்புவார். அப்படித் திரும்பும் நாள்களில்தான் என்னைத் தோளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, வழியிலுள்ள கடைப் பலகைகளை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "நெசமாவே அப்படித்தான் எழுதிக்கீதா?" என்று ஒவ்வொரு பலகைக்கும் வியப்பார். எனக்குப் பெருமை தாங்காது. அதனால் தினமும் காலையில் கண்ணை மூடி, இன்றைக்குக் கப்பல் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் அது பலித்துவிட்டது. நாள் கணக்கில் கப்பல் இல்லை. தினமும் தோள் சவாரி. ஒரு காலை, பாதி வழியில் நைனா என்னை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூழாவது கொடுக்கலாமென்று தூக்கைத் திறந்தேன். காலி. சாப்பாடு இருக்கிறதென்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று வெறும் தூக்கைச் சுமந்து போயிருக்கிறார்.

அழுதுகொண்டே என் வேண்டுதலைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட என் கண்ணு, நீ சொன்னா நிக்கற கப்பலா அது? நான் வேண்டிக்கினாகூட வராது. அது வர்றப்போ நான் அங்க நின்னுகினு இருக்கணும், அவ்ளோதான். சரி, அந்தப் பலகைல இன்னா போட்டுக்கீது, சொல்லு."

விசும்பிக்கொண்டே படித்தேன். அவருக்குக் கவலையே கிடையாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகே புரிந்தது: பயத்தையும் தூக்கோடு எடுத்துக்கொண்டுதான் தினமும் போய் நின்றிருக்கிறார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிரசவத்துக்குப் போன ஆசிரியை திரும்பும்வரை ஆள் வேண்டுமாம். இன்னும் இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

இன்று காலை அத்தை கேட்டாள்: "டீச்சரம்மா, வேலை நிச்சயமா?"

"நிச்சயம் இல்லே அத்தே. போய் நிக்கப் போறேன்."

நரைத்த நைனா தூக்கைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து வந்தார். பள்ளிக்கூட வாசலில் அண்ணாந்து பார்த்து, "இன்னா எழுதிக்கீது?" என்றார். படித்துச் சொன்னேன்.

"போ கண்ணு. மணி அடிக்கிற வரிக்கும் இங்கதான் நிப்பேன். வேலை இல்லேன்னு திரும்பி வந்தா சேர்ந்து நடக்கலாம்."

தூக்கை வாங்கிக்கொண்டேன். நிறையச் சோறு, கை கனத்தது. வாசலைத் தாண்டிப் படியேறினேன்.