என் நாற்பதடிச் சுவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவில் மூன்று கடைசல் லேத்து போட்டு, பதினோரு பேருக்கு வேலை கொடுத்து, பட்டறைக்கு நாற்பதடி நீள மதில் எழுப்பினவனும் நான்தான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இந்த ஊரில் எலெக்ஷன் என்றால் முதலில் சுவரைப் பிடிப்பார்கள். மூலையில் கட்சிப் பேரைச் சின்னதாக எழுதிவிட்டால் அது அவர்கள் சுவர், அடுத்த கட்சிக்காரன் தொடமாட்டான். காலிச் சுவர் என்றால் முதலில் எழுதினவனுக்கு, எலெக்ஷன் முடிகிற வரை. சொந்தக்காரனை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. போன தடவை எங்கள் எம்.எல்.ஏ.விடம், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். என் ஆட்கள் முன்னாலேயே சிரித்தார்.

"கையெழுத்துப் போடவே உனக்கு அரை நாள் ஆகும். உனக்கெதுக்குய்யா சுவர்?"

மறுநாளே லேத்து ஓட்டுகிற என் டர்னரிடம் வங்காள எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வயதில்! ஒரே எண்ணம்தான்: இனி என் சுவரில் அந்த ஆள் பேர் ஏறக்கூடாது.

இந்த வருஷம், தேர்தலை முன்னாலேயே வைத்துவிடலாமா என்று சட்டசபையில் விவாதம் வந்தது. டீக்கடை டி.வி.யில் நேரலை. எம்.எல்.ஏ. எழுந்து, "இப்போதே வையுங்கள், மக்கள் தயார்" என்று முழங்கினார். அவ்வளவுதான், தேர்தல் வந்தேவிட்டது என்று அவருடைய பையன்கள் சுண்ணாம்பு வாளியோடு ஓடிவந்தார்கள். வந்த அவசரத்தில் மூலையில் இருந்த தங்கள் கட்சிப் பேரையும் சேர்த்து வெள்ளையடித்து மறைத்துவிட்டு, காயட்டும் என்று தலைவர் பேச்சைப் பார்க்கப் போனார்கள்.

புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பட்டறையிலிருந்து ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, கை நீள எழுத்தில் எழுதினேன்: 'இந்தச் சுவர் வேண்டுமென்றால் சொந்தக்காரனைக் கேள்.' கீழே என் கையெழுத்து. அரை நாள் ஆகவில்லை.

பையன்கள் திரும்பி வந்து கத்தினார்கள். இங்கே என் வயதுக்காரனை 'காக்கு', அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். "காக்கு, என்ன பண்ணிட்டீங்க! அழிங்க!"

டீக்கடையில் இருந்த எதிர்க்கட்சிப் பையன்களுக்கு ஒரே சிரிப்பு. "அழிச்சுப் பாரு. முதல்ல எழுதினது காக்குதானே? சட்டம் நீங்க போட்டதுதாண்டா!"

சாயங்காலம் சட்டசபை ஓட்டெடுப்பில் எம்.எல்.ஏ. கட்சியின் தீர்மானம் தோற்றது. தேர்தல் அதன் காலத்தில்தான். அதாவது, என் எழுத்துக்கு இன்னும் ஒரு முழு வருஷம் ஆயுள். முன்னாலேயே வந்திருந்தால் இந்த ருசி கிடைத்திருக்காது.

மறுநாள் வாசலில் அவருடைய கார் நின்றது. இறங்கி வந்தவர், வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"தாதா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

"என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க. எனக்குப் படிப்பு கம்மி."

என் பதினோரு பேரும் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். வாசித்தார், கையெழுத்து உட்பட. பிறகு, "சரி, கேட்கிறேன். சுவரைத் தருவீங்களா?" என்றார்.

"தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.