தேசாதிபதிக்குக் கலங்கின கண்

சமாதானப் பேச்சு நடந்த காலத்திலை ஊருக்குப் போய்வந்தவையள் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தினம். என்ரை மனிசன், இவர், கொண்டுவந்தது ஒரு படம். வெள்ளைக்காரன்ரை காலத்துப் படம். நடுவிலை கதிரையிலை அப்ப இலங்கையை ஆண்ட தேசாதிபதி. பக்கத்திலை தலைப்பாகையோடை இவற்றை பூட்டனார், வெள்ளைக்காரனுக்குக் கீழை ஊரை அதிகாரம் பண்ணின மணியகாரர். பின்னாலை சட்டையில்லாத கொஞ்சச் சனம்.

நாடு விட்டு வந்து குடியேறின எங்கடை ஹொல்ம்லியா வீட்டுக்கு ஆர் வந்தாலும் சப்பாத்துக் கழட்டி முடிக்க முதல் அந்தப் படத்துக்கு முன்னாலை நிப்பாட்டிப்போடுவார். தேசாதிபதியின்ரை சரித்திரம் இவருக்குத் தண்ணிபட்ட பாடு. பாதிரியாற்றை மகனாப் பிறந்து, கிளாக்கராக் கப்பலேறி, எங்கையோ ஒரு தீவை ஆண்டு, பிறகு இலங்கைக்கு வந்து றோட்டுப் போட்டு, சேர் பட்டமும் வாங்கினவராம். கடைசியிலை இங்கிலாந்திலை ஒரு குளிர் ஊரிலை தனியச் செத்தாராம். பெத்த பிள்ளையள்கூட எட்டிப் பாக்கேல்லையாம். அந்த இடம் வர இவருக்குக் கண் கலங்கும். சொந்தத் தேப்பன் செத்ததைச் சொல்லேக்கை கூடக் கலங்காத மனிசன். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மகள் விரும்பின பொடியன் இதே நகரத்திலை, ஸ்டோவ்னரிலை வளந்தவன். தாய் தேப்பன் எங்கடை பக்கத்து ஊர். அவையள் பொம்பிளை கேட்டு வர முதல் மகள் சொன்னவள்: "அப்பா, ஊரிலை எந்தப் பக்கம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ." அப்பிடிச் சுத்தி வளைச்சுச் சாதி கேக்கிறது எங்கடை ஆக்களின்ரை கெட்டித்தனம். இஞ்சை பிறந்த அவளுக்கும் அது விளங்கும்.

இவர் கேக்கேல்லை. படத்துக்கு முன்னாலை கூட்டிக்கொண்டு போனார். பொடியன்ரை தேப்பன் சரித்திரம் முழுக்கப் பொறுமையாக் கேட்டுப்போட்டு, பின்வரிசையிலை விரலை வைச்சார்.

"அந்த றோட்டுக்குக் கல்லுடைச்சது எங்கடை ஆக்கள் அண்ணை. மணியகாரர்தான் பிடிச்சுக்கொண்டு போறவராம். கூலியும் இல்லையாம்."

நான் வைச்ச தேத்தண்ணி ஆறிப்போச்சுது. அவையள் போனாப்பிறகு மகள் கேட்டாள்: "அப்பா, ஓமோ இல்லையோ?"

"அந்தச் சனத்தோடை எங்களுக்குச் சரிவராது" எண்டார்.

கலியாணத்துக்கு நான் தனியத்தான் போனன். கூறையோடை மணவறையிலை இருந்த பிள்ளை ஒருக்காலும் வாசல் பக்கம் திரும்பேல்லை.

பின்னேரம் வீட்டை வர, இவர் படத்துக்குக் கீழை உடுப்பு மாத்தி, தலை இழுத்து, வெளிக்கிட்ட மாதிரி இருக்கிறார்.

"பிள்ளை என்னைக் கேட்டவளோ?"

"இல்லை" எண்டு உள்ளதைச் சொன்னன்.