அவிழ்த்த மரமும் நான் கொடுக்காத கடிதமும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, மீன்கூடையை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு அஞ்சலை கூப்பிட்டாள்.

"சார், மரகதம் டீச்சர் பூட்டாங்க சார். நேத்து சாய்ந்தரமே எடுத்துட்டாங்க."

மூன்று நாள் காய்ச்சலாம். எண்ணூரில், தம்பி வீட்டில். தலைமையாசிரியனாக இருந்த எனக்குக் கீழே எட்டு வருஷம் வேலை பார்த்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எனக்கு முன்னால் போய்விட்டார். ராயபுரம் கடற்கரையோரத்தில் இருந்த நம் பள்ளியில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நாலு நல்ல வார்த்தை சொல்லிப் புகழ்ந்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அவருக்குச் செய்கிற நியாயம் ஆகாது.

எழும்பூர் காட்சிசாலைக்கு நம் பக்கத்தில் 'செத்த காலேஜ்' என்று பெயர். மிருகக் காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ட்ராமில் ஏற்றிச் செத்த காலேஜுக்கு அழைத்துப் போகும் வேலையை மரகதம் டீச்சர் தாமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். முதல் தடவை திரும்பி வந்தபோது தாய்மார்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். "செத்ததைப் பாத்துட்டு அப்டியே வூட்டுக்குள்ள வராத. நில்லு அங்கியே!" என்று ஒவ்வொரு தலையிலும் தண்ணீரைக் கொட்டினார்கள். டீச்சர் சண்டை போடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. வரிசையின் கடைசியில் தாமும் போய் நின்றார்.

"நீங்க இன்னாத்துக்கு டீச்சர்?"

"நானும்தானே போயிட்டு வந்தேன்? ஊத்துங்க."

சேலையெல்லாம் சொட்டச் சொட்ட அவர் வீட்டுக்கு நடந்ததைக் குப்பமே பார்த்தது. அதன் பிறகு பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று ஒரு தாயும் சொல்லவில்லை.

ஒருமுறை நானும் கூடப் போனேன். ட்ராமுக்குக் காசு கொடுத்ததற்கு எல்லா அறைகளையும் காட்ட வேண்டாமா என்பது என் எண்ணம். டீச்சரோ திமிங்கல எலும்புக்கூட்டின் எதிரே பிள்ளைகளைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கழித்து அப்படியே வெளியே கூட்டி வந்துவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "எல்லாத்தையும் பார்த்துட்டு வந்தா ஒண்ணையும் பார்க்கலைன்னு அர்த்தம் சார்" என்றார். அடுத்த நாள் வகுப்பில் ஒவ்வொரு சிலேட்டிலும் ஒரு திமிங்கலம் இருந்தது. நான் அதைப் பாராட்டவில்லை.

கட்டுமரத்தைப் பார்க்கப் போன நாளில்தான் வினை வந்தது. நம் ஆட்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டியபடியே விட்டால் ஊறிக் கனத்துப் போகும். காட்சிசாலையில் ஆள் நீளத்துக்கு ஒரு சின்னக் கட்டுமரத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். டீச்சர் பாதிப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போன ஐந்து நிமிஷத்தில், மீதி இருந்த நாலு பேர் அதை அவிழ்த்து, ஜன்னல் வெயிலில் வரிசையாகக் காய வைத்துவிட்டார்கள். கயிற்றைக்கூட ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார்களாம்.

காவலர் போட்ட கூச்சலில் மற்ற மூவரும் அழுதார்கள். இன்று மீன்கூடை சுமக்கும் இதே அஞ்சலை மட்டும், "மரம் கரைல கீது, யாருமே அவுக்கல. அதான் அவுத்தோம்" என்றாளாம். அப்போது அவளுக்கு எட்டு வயது.

மறுநாள் டீச்சரே வந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். எனக்குப் பயம். மேலதிகாரி என்ன சொல்வாரோ, என் பெயர் என்ன ஆகுமோ என்ற பயம். இனிமேல் காட்சிசாலைப் பக்கமே போகக் கூடாது, மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றேன்.

"தப்புப் பண்ணினா மன்னிப்புக் கேக்கலாம் சார். தெரிஞ்ச வேலையைச் செஞ்சதுக்கு என்னன்னு கேக்கறது?"

"எழுதாவிட்டால் அந்த நாலு பேரும் நாளையிலிருந்து பள்ளிக்கு வர வேண்டாம்."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துக் காட்சிசாலையிலிருந்து பதில் வந்தது. உறையின் மேல், 'மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு, தலைமையாசிரியர் வழியாக' என்று இருந்தது. வழியில் இருந்தவன் பிரித்துப் படித்தேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அஞ்சலையின் தகப்பனாரை அழைத்துப் போய் மரத்தைத் திரும்பக் கட்ட வைத்திருக்கிறார். கட்டியதைப் பார்த்த அதிகாரி மகிழ்ந்து எழுதியிருந்தார்: அந்தப் பிள்ளைகளைத் தவறாமல் மறுபடி அழைத்து வாருங்கள்; மரத்தை அவிழ்ப்பதையும் கட்டுவதையும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்களே செய்து காட்டட்டும்.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம்? ஒரு வாரம் போகட்டும் என்று கடிதத்தை மேஜை டிராயரில் போட்டேன். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. வருஷக் கடைசியில் அவருக்கு எண்ணூருக்கு மாற்றலாயிற்று. விடைபெற வந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"காட்சிசாலையிலேர்ந்து ஏதாவது வந்துதா சார்?"

"ஒன்றும் வரவில்லையே" என்றேன்.

ட்ராம் நின்றது. நான் ஓய்வு பெற்றுத் திருவொற்றியூருக்குக் குடிவந்தேன். என் காகிதங்களோடு அந்தக் கடிதமும் வந்தது. எண்ணூர் இங்கிருந்து பக்கம்தான். ஒரு காலைப் பொழுது போதும், போய்க் கையில் கொடுத்துவிட்டு, "என்னை மன்னியுங்கள் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் போக நினைத்தேன். வெட்கம் காலைப் பிடித்து இழுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்து வந்து அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். கூடைக்குப் பக்கத்தில் குந்தியபடி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப, டவுன் புள்ளைங்களுக்கெல்லாம் நாங்க மரம் கட்டிக் காட்டிருப்போமா சார்?"

"ஆமாம்."

"டீச்சருக்கு இது தெரியுமா?"

"தெரியாது அஞ்சலை. நான் கொடுக்கவில்லை."

அவள் எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தாள். "எண்ணூர்ல மீன் எடுக்கப் போறப்பல்லாம் அவங்களப் பாப்பேன் சார். போன மாசங்கூடச் சொன்னாங்க, 'கட்டறத மறந்துடாதடி, ஒரு நாள் கூப்புடுவாங்க'ன்னு."

கூடையைத் தூக்கிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

அவரைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும்; அவர் திருத்திய சிலேட்டோ, சொன்ன சொல்லோ. மரகதம் டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கடிதம் ஒன்றுதான். அதையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.