இன்னொரு கோட்

பெயிண்டர் அக்கா அறுபது எண்ணும் வரை ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்குவார். உள்ளே கிடக்கும் குண்டு கடகடவென்று உருள, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். பிறகு பால்கனிக்கு வெளியே கையை நீட்டிக் காற்றை விரலால் தடவிப் பார்ப்பார். "இன்னிக்கு காத்துல ஈரம் இருக்கு. அடிச்சா பெயிண்ட் வெளுத்துப் போயிடும்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

தன் கம்ப்யூட்டர் ஊரில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் போல இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள், அதன் பெட்டி, ஃபேன், உள்ளிருக்கும் கார்டுகளின் மேல்மூடி எல்லாவற்றுக்கும் நிறம் மாற்றச் சொல்லி இந்தப் பெயிண்டர் அக்காவிடம் அனுப்புகிறார்கள். பழைய ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் பட்டறை. கம்ப்யூட்டருக்குள் செருகும் ராம் கார்டின் தங்கப் பற்களை மறைக்கும் டேப்பை, குழந்தைக்கு நகம் வெட்டும் பக்குவத்தில் வெட்டுவார். "பல்லுல பெயிண்ட் பட்டா அப்புறம் அது வாயே தொறக்காது."

முன்பு பத்தொன்பது வருடம் கார் பட்டறையில் பெயிண்டர். பட்டறையை மூடிவிட்டார்கள், எட்டு மாதம் வேலை இல்லை. கை சும்மா இருந்தால்தானே? வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் மூன்று முறை பெயிண்ட் அடித்தார். "இன்னும் ஒரு மாசம் போயிருந்தா என்னையும் நிக்க வெச்சு அடிச்சிருப்பா" என்பார், தையல்காரரான கணவர். நல்லவேளையாகத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

காரில் பழகிய கைக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலை முடிந்தாலும், பூச்சு போதாதது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னொரு கோட் போட்டுடலாம்" என்பார். கடையில் அவருக்குப் பெயரே 'இன்னொரு கோட் அக்கா'. கார் கதவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஃபேனுக்கு ஆகும். ஓர் இறக்கையில் மட்டும் பெயிண்ட் கூடிவிட்டால், சுற்றும்போது எடை ஒரு பக்கமாக இழுத்து ஃபேன் முனக ஆரம்பித்துவிடும்.

போன வாரம் அதுதான் நடந்தது. பாட்டு டீச்சர் ஒருவர் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர். அவருக்கு மயில்கழுத்து நிறத்தில் செய்து கொடுத்த ஃபேன் திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, அவங்க பாடினா கூடவே உங்க ஃபேனும் பாடுது" என்று கடைக்காரர் சிரித்தார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

"புரியுது தம்பி" என்றார் அக்கா. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுபடியும் அந்த எட்டு மாதம் வந்துவிடுமோ என்று பயம்.

பழைய பெயிண்டை முழுக்க உரசி எடுத்தார். ஏழு இறக்கைகளுக்கும் இரண்டே கோட், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. மறுநாள் காலை, காய்ந்த ஃபேனைப் பெட்டியில் பொருத்திச் சுற்றவிட்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். தண்ணீர் அசையவில்லை. அக்கா காதை ஒட்டி வைத்துக் கேட்டார். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

ஃபேனை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கினார். நான்காவது இறக்கையின் ஓரத்தில் கடுகளவு இடத்தில் நிறம் கொஞ்சம் மட்டு. அவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியப்போவதில்லை.

கை தானாக டப்பாவை எடுத்துக் குலுக்கத் தொடங்கியது. கணவர் டம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பதினொன்று எண்ணியதும் கடகடப்பு நின்றது. அக்கா மூடியை அழுத்தி மூடி, டப்பாவை அவரிடம் நீட்டினார்.

"ஏங்க, இதை அந்தப் பரண் மேல வைங்க. எனக்கு எட்டாத இடமாப் பாத்து வைங்க."