மூன்றாம் மாடியிலிருந்து நான் கொடுத்த தீர்ப்புகள்

பழைய பேப்பரை நீங்களெல்லாம் எடைக்குப் போடுவீர்கள். நாங்கள் அதை உட்கார்ந்து படித்துச் சம்பளம் வாங்குகிறோம்.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கட்டம் நிரப்பியே கழுத்து வலி வாங்கிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிழைப்பு தெலுங்கு பேசுகிற ஊரில், வீடு மாரெட்பள்ளியில். ஆபீஸ் போலாரம் போகிற பஸ் ரூட்டில், மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்காவின் நடுவில், மரமே இல்லாத புல்வெளியில், ரயில் போன வழியெல்லாம் புதுசு புதுசாக ஊர்கள் முளைத்தன. ஊர் முளைத்த மறுமாசமே அங்கே ஒரு பேப்பரும் முளைத்துவிடும். அந்தப் பேப்பர்களின் போட்டோக்கள்தான் எங்களுக்கு வருகின்றன. இயந்திரம் அதைத் தப்பும் தவறுமாகப் படித்து வைக்கும். நாங்கள் திருத்த வேண்டும்.

என் டீமுக்கு வாய்த்தது போலீஸ், கோர்ட் செய்திகள். பெயர், ஊர், குற்றம், தீர்ப்பு என்று நாலு கட்டம். தன் கொள்ளுத்தாத்தா யார் என்று தேடுகிற வெள்ளைக்காரர்கள் பெயரைத் தட்டினால், நாங்கள் கட்டத்தில் போட்டதுதான் வந்து நிற்கும். எனக்கோ ஒரு வியாதி. ஒரு கதையைத் தொட்டால் முடிவு தெரியாமல் உட்கார முடியாது, நிற்க முடியாது. அப்படிப்பட்டவளுக்குப் பார்த்து இந்த வேலை!

கைதிக்கு அறுவடை வேலை

சேர்ந்த முதல் வாரம் ஆண்டர்ஸ் என்கிற குடியானவன் மாட்டினான். கடைக்காரருடைய பழுப்புக் குதிரையைத் திருடினான் என்று கேஸ். மூன்று கால் வெள்ளையாக இருக்கும் பெட்டைக் குதிரை. ஊரில் ஜெயில் கிடையாது, அதனால் ஹோட்டல் மாடியில் ஒரு ரூமில் வைத்தார்கள். அதற்குள் கோதுமை அறுப்பு வந்துவிட்டது. ஜட்ஜ், சாட்சி, ஜூரி எல்லோரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று கைதியையும் கூப்பிட்டார்கள். அவனும் போய்ப் பகலெல்லாம் அறுத்துவிட்டுச் சாயந்திரம் தானாகவே ஹோட்டலுக்கு வந்து, ரூமை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டானாம்!

இதை எழுதின பத்திரிகை ஆசிரியர் அவனை 'ஊரறிந்த குதிரைத் திருடன்' என்றுதான் குறிப்பிடுகிறார். விசாரணை அறுப்பு முடிந்த பிறகு என்றார். அதோடு என் பங்குக்கு வந்த பக்கங்கள் முடிந்துவிட்டன. பக்கத்து சீட் ஜரீனாவிடம் புலம்பினேன். ஜரீனா ஆம்பூர்க்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள், தமிழில் தக்கனி உருது கலந்து பேசுவாள், ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஹவ் உமா, நல்ல ஊருதான் பா. கைதிக்கு ரூமும் குடுத்து வேலையும் குடுத்திருக்காங்க. என்னை மூணு வருஷமா கன்ஃபர்மே பண்ணலை."

'தெரியவில்லை' போட்டால் மார்க் போச்சு

எங்கள் வேலையின் லட்சணம் இது: ஒரே பேப்பரின் ஒரு வாரம் எனக்கு வரும், அடுத்த வாரம் நாலு சீட் தள்ளி இருப்பவருக்குப் போகும், அதற்கடுத்தது வேறு மாடிக்கே போகும். கைதானது என் திரையில் இருக்கும், தீர்ப்பு யார் திரையில் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் கூடாது. தீர்ப்புக் கட்டத்தைக் காலியாகவும் விட முடியாது. குற்றவாளி, நிரபராதி, தெரியவில்லை, மூன்றில் ஒன்றைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

நான் நியாயமாக 'தெரியவில்லை' என்றே தட்டிக்கொண்டிருந்தேன். டீம் லீடர் ராஜேஷ் கூப்பிட்டுவிட்டார். தங்கமான மனுஷன், ஆனால் மார்க் ஷீட்டைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை. 'தெரியவில்லை' அதிகமானால் நான் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தமாம், சிவப்பில் காட்டுமாம். அன்றைக்கே ஆண்டர்ஸைத் திரும்பத் திறந்து 'குற்றவாளி' என்று தட்டினேன். அவன்தான் என் முதல் பலி. அப்புறம் பழகிவிட்டது. கையெழுத்து மோசடி, வைக்கோல் போருக்குத் தீ, கள்ளச்சாராயம், யார் வந்தாலும் டக் டக்கென்று குற்றவாளி. மார்க் ஏறியது. சுவரில் 'இந்த மாத நட்சத்திரம்' என்று என் போட்டோவை மாட்டினார்கள். மனசு உறுத்தும்போதெல்லாம் ராஜேஷ் அன்று சொன்னதை நினைத்துக்கொள்வேன்:

"பேப்பர்காரனே திருடன்னு எழுதிட்டான். நீங்க என்ன மேடம், கோர்ட்டா?"

பன்றி மட்டும்தானா?

கொடுத்த தீர்ப்புக்கு எதிர்ப்பே வரவில்லையா என்பீர்கள். வந்தது, வேறு மாதிரி. ஒரு பெரியவர் எங்கள் இணையதளத்தின் சாட்டில் வந்தார், அன்று அந்த டூட்டி எனக்கு. அவருடைய தாத்தாவின் அப்பா பக்கத்து வீட்டுப் பன்றியைப் பிடித்து அடைத்து வைத்ததாக நாங்கள் போட்டிருந்தோம். கோபமோ கோபம். மன்னிப்புக் கேட்க நான் வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தபோது அவரே விஷயத்தைச் சொன்னார்:

"மூன்று தலைமுறையாக அவர் ரயிலைக் கொள்ளையடித்தார் என்று சொல்லி வருகிறோம். இன்னும் நன்றாகத் தேடிப் பாருங்கள்."

சாயந்திரம் வந்த செய்தி

இனிமேல் சொல்வதற்குச் சிரிப்பு வராது. எங்க வீட்டுக்காரர் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். போன மாசம் குடோனில் இரண்டு டிரம் ரசாயனம் குறைந்தது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று இவரோடு இன்னும் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். நாலாம் நாள் ஒரு லோக்கல் தெலுங்குப் பேப்பரில் வந்துவிட்டது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஒன்பதாவது படிக்கிற மகளிடம் கொடுத்தேன். 'ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரின் கைவரிசை' என்று தலைப்பை வாசித்தாள். அப்பாவின் பெயர் முழுசாக வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "வத்து அம்மா," என்று தெலுங்கிலேயே சொல்லிப் பேப்பரை மடித்தாள். வேண்டாமாம்.

சாயந்திரத்துக்குள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. எதிர் வீட்டுக்காரி லிஃப்டில் என்னைப் பார்த்ததும் போனைப் பார்த்தாள். அதையெல்லாம் விடுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் போய், அவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, "உண்மையைச் சொல்லுங்க, எடுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் கிளிப்பை மாட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீயும் பேப்பர் படிச்சிட்டியா?"

கை ஓடவில்லை

மறுநாள் ஆபீஸில் எனக்கு வந்த முதல் பக்கத்திலேயே ஒருவன், தபால் பையைப் பிரித்தான் என்று. 'சந்தேகமே இல்லை' என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். தீர்ப்பு அடுத்த வாரமாம், என்னிடம் இல்லாத வாரம். மவுஸை 'குற்றவாளி' மேல் கொண்டுபோய் வைத்தேன். விரல் அழுத்தமாட்டேன் என்கிறது. எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்தேன். மூன்றாவது தடவை ஜரீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் (அவள் பாஷையில் 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம்):

"கைக்கு உமா இப்படி குட்டிபோட்ட பூனையாட்டம் சுத்தறே? இந்த மாசம் நட்சத்திரம் நக்கோவா உனக்கு?"

மார்த்தாவின் மெயில்

அதே வாரம் புகார்ப் பெட்டியிலிருந்து ஒரு மெயிலை எனக்குத் தள்ளிவிட்டார்கள். மார்த்தா என்று ஓர் அம்மாள், எழுபது வயசுக்கு மேல். அதே புல்வெளி ஊரில் இன்னும் இருக்கிறார். ஆண்டர்ஸ் அவருடைய தாத்தாவின் அப்பா. ஆமாம், என் ஆண்டர்ஸ்! நல்ல மனிதர், குதிரை விஷயத்தில் அவர் மேல் அநியாயமாகப் பழி விழுந்தது என்று வீட்டில் சொல்லித்தான் இவர் வளர்ந்தாராம். இப்போது அண்ணன்காரன் எங்கள் இணையதளத்துப் பக்கத்தை அச்செடுத்து, சொந்தக்காரர்கள் கூடின இடத்தில் எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறான், பார் நம் குடும்ப லட்சணத்தை என்று.

பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் அடையாள எண். அந்த அம்மாள் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசியில் பணிவாக ஒரே ஒரு வரி:

"அவரைக் குற்றவாளி என்று கோர்ட் சொன்ன பக்கத்தை எனக்கு அனுப்ப முடியுமா?"

மூன்று கால் வெள்ளை

அப்படி ஒரு பக்கமே இல்லையே அம்மா, நான்தானே கோர்ட்! என் தூக்கம் போயிற்று. எங்கள் இணையதளத்தில் கோர்ட் செய்தி என்று பதிவான எல்லாவற்றிலும் ஆண்டர்ஸ் பெயரைத் தட்டினேன். மூன்று நாள். கைதான செய்தி நாலு பேப்பரில் வருகிறது, முதல் பக்கம், கொட்டை எழுத்து. விடுதலையோ தண்டனையோ ஒரு வரி இல்லை.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜரீனாவிடம் ஹோட்டல், அறுப்பு, குதிரை என்று முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தேன். வாயில் பகாரா சோற்றை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். "மூணு கால் வெள்ளையா?" என்றாள். டப்பாவை மூடாமலே என்னை இழுத்துக்கொண்டு தன் சீட்டுக்கு ஓடினாள். அவளுடைய பழைய பக்கங்களில், நாலாம் பக்கத்து மூலையில், பல்வலி மருந்து விளம்பரத்துக்குக் கீழே இரண்டே வரி. காணாமல் போன பழுப்புக் குதிரை, மூன்று கால் வெள்ளை, ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது, தானே லாயத்துக்கு வந்து சேர்ந்தது. ஹோட்டலில் இருப்பவர் வீட்டுக்குப் போகலாம் என்று ஜட்ஜ் சொன்னார். ஆண்டர்ஸ் என்ற பெயர்கூட இல்லை. திருடன் என்று எழுதப் பெயர் வேண்டியிருந்தது, இல்லை என்று எழுத வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜரீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள்:

"யா அல்லா, இதை நானேதான் போட்டேன் பா! குதிரை வந்திடுச்சுன்னு இருந்துச்சா, கால்நடைச் செய்திக் கட்டத்துல தள்ளிட்டேன்."

காரணம்: ஊகம்

திருத்தப் படிவத்தில் 'தவறுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'படம் தெளிவில்லை' என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். நான் 'ஊகம்' என்று போட்டேன். ஆண்டர்ஸுக்கு மட்டும் இல்லை. முடிவு தெரியாமல் நான் குற்றவாளி ஆக்கின அத்தனை பேரையும் தேடித் தேடி எடுத்து 'தெரியவில்லை' என்று மாற்றச் சொல்லி நீளமாக ஒரு லிஸ்ட். திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ராஜேஷ் ஓடி வந்தார். "மேடம், ஒருத்தரை மாத்தினாப் போதும். மத்தவங்களுக்காக யார் கேக்கப் போறாங்க?" என்றார் பாவம், கிட்டத்தட்ட கெஞ்சினார். யாரும் கேட்காதவர்களுக்குத்தான் சார் இந்த லிஸ்ட் என்றேன். நட்சத்திரம் அன்று மதியமே சுவரிலிருந்து இறங்கியது.

அந்த இரண்டு வரிப் பக்கத்தையும் என் மன்னிப்பையும் மார்த்தாவுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது:

"அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு மன்னிப்பு என்று பெயர்."

வீட்டில் ஒரு திருத்தம்

நட்சத்திரம் இறங்கின அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன், ஆண்டர்ஸ், குதிரை, லிஸ்ட், சிவப்பு. கடைசியில், "அந்த லிஸ்ட்ல உங்களையும் சேர்த்திருக்கேன்," என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கு என்ன போட்ட? 'தெரியவில்லை'யா?" என்றார். ஜீடிமெட்லாவில் விசாரணை அதிகாரி அவரை இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நியாயப்படி பார்த்தால் என் புது விதிப்படி அதைத்தான் போட வேண்டும். "நிரபராதின்னு போட்டேன்," என்றேன். "அன்னிக்குக் கேட்டேனே, அது தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

அவர் வெங்காயத்தைத் திரும்ப எடுத்து இரண்டு வெட்டு வெட்டினார். "அந்த ஆண்டர்ஸ் வீட்டுக்குப் போனப்ப அவன் பொண்டாட்டி என்ன கேட்டா?" என்றார். அது பேப்பரில் வரவில்லை என்றேன். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, போன மாசத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்:

"அதைப் போடாம அவனுங்க என்ன பேப்பர் நடத்தினானுங்க?"

ஆகவே சக பாவிகளே, எங்கள் டீமிலேயே அதிகமாக 'தெரியவில்லை' போட்டுக் கடைசி மார்க் வாங்குகிறவள் இப்போது நான்தான், ஆனால் என் வீட்டில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ஆதாரம் எதுவும் இல்லாமல் 'நிரபராதி' என்று போட்டிருக்கிறேன், அதைத் திருத்தச் சொல்லி யாரும் எனக்குப் படிவம் அனுப்ப வேண்டாம்.