எதிர்க்காற்றும் பெரியப்பாவின் விசிலும்

என் மொபெட் சாவியோடு ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இரும்பில் இடித்து டிங் டிங் என்று பேசிக்கொண்டே வரும். பெரியப்பாவுடையது. அவர் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு ஊதல் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. இவை தவிர மூன்றாவதாக ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஒருமுறை அவர் மனைவி, என் பெரியம்மை, கைக்குழந்தையோடும் பையோடும் ஓடிவர, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஊதி ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸை அனுப்பிவிட்டார். தாய்வீட்டு விசேஷத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்ததாம். "கட்டுன பொண்டாட்டிக்கு நிக்காத பஸ்ஸு" என்று சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்க மாட்டார். "டைம்னா டைம்" என்பார்.

கணக்கும் நானும் பத்தாவதிலேயே பிரிந்துவிட்டோம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து டவுணுக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிவருவது என் வேலை. பெரியப்பாவைச் சீண்டுவது உபதொழில். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் விசிலோடும் ஒரு நோட்டோடும் திரிந்தவரை யார்தான் சும்மா விடுவார்கள்? தெருவில் எந்த வண்டி கிளம்பினாலும் "பெரியப்பா, ஊதலியா?" என்பேன். "போலே மூதி" என்பார். அவர் மகள், எனக்கு அக்கா, கல்யாணமாகி அமெரிக்கா போனபோது அந்த நோட்டில் ஒரு வரி ஏறியது: சிங்கப்பூர் – சான்பிரான்சிஸ்கோ, பதினாலரை மணி. பசிபிக் கடலைத் தாண்டும் பயணம், அவருக்கு அதுவும் ஒரு ரூட்தான்.

இரண்டு வருடம் அக்கா ஊருக்கு வரவில்லை. வந்தது ஒரு மார்கழியில், பெரியம்மை தூக்கத்திலேயே போய்விட்ட மறுநாள். சேதி போன அன்றே அழுதுகொண்டே "ஏறிட்டேம்ப்பா, கிளம்பப் போகுது" என்று மட்டும் போனில் சொன்னாள். அப்போது இங்கே பிற்பகல் மூன்றரை. பெரியப்பா அழவில்லை, நோட்டைப் பிரித்தார். பதினாலரை மணியில் சிங்கப்பூர். இறங்கி ஏற இரண்டு மணி. மதுரைக்கு நாலு. காரில் இரண்டரை. ஆக, மறுநாள் இரண்டரைக்கு வாசலில் நிற்பாள். தெருமுனை இரங்கல் பலகையில், எடுக்கும் நேரம் "மாலை 4 மணி" என்று எழுதச் சொன்னார். எழுதியது நான்தான். டிக்கெட்டில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டைம் கீப்பர் சொன்ன பிறகு என்ன கேள்வி!

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் கேட்டார், "எறங்கிட்டாளாலே?"

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று என் போனில் உண்டு. அக்காவின் விமானம் பிலிப்பைன்ஸுக்குப் பக்கத்தில், இன்னும் கடல்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டரை மணி நேரம் என்றது படம். நான் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. ஐஸ் பெட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவர் வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"போன நேரந்தானலே வர நேரம்? ரூட்டு ஒண்ணுதான?"

"எதிர்க்காத்து பெரியப்பா."

"ஆகாசத்துல ஏதுலே எதிர்க்காத்து?"

நான் இரவிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்த் திசையில் அமெரிக்காவுக்குப் போன விமானம் ஒன்று ஆயிரத்து நூறு கிலோமீட்டர் வேகம் காட்டியது. அக்காவுடையது எண்ணூறைத் தொடவே திணறியது. இரண்டும் ஒரே மாதிரி விமானம். எனக்கு உடனே ஆடி மாசம் நினைவுக்கு வந்தது. மேல்காற்று முதுகில் அடிக்க, காலி வண்டியோடு ஸ்ரீவைகுண்டம் போவது விளையாட்டு. இலைக்கட்டோடு திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதே ரோடு, அதே வண்டி, இருபது நிமிடம் கூடுதல். அதைச் சொன்னேன். மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, பனிக்காலத்தில் அதற்கு வெறி அதிகம் என்று அக்கா பிறகு சொன்னாள். கிழக்கே போகிறவர்கள் அதில் மிதந்து போவார்களாம். மேற்கே வருகிறவர்கள் அதற்குப் பயந்து வடக்கே ஒதுங்கி வருவார்களாம். எந்தப் பாதை என்பதைத் தினமும் காற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்களாம். படத்தில் அக்காவின் பாதை வடக்கே வளைந்து கிடந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

பெரியப்பா நோட்டை எடுத்துப் பதினாலரையை வெகுநேரம் பார்த்தார். தப்பான நேரத்துக்கு விசில் ஊதிய முகம்.

நாலு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. பெரியம்மையின் அண்ணன், ஸ்ரீவைகுண்டத்து மாமா, கோடித்துணியோடு வந்து நின்றார். "என்ன மாப்ளே, பலகைல நாலுன்னு போட்டாச்சு. கருப்பந்துறை சுடுகாட்டுக்குப் போயி இருட்டுறதுக்குள்ள தீ வைக்கண்டாமா?"

"பிள்ள வரட்டும்."

"எந் தங்கச்சிக்கு ஒரு நிமிசம் நிக்காத ஆளு, இப்ப யாருக்கு நிக்கிய?"

பெரியப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. பழக்கம். விசிலை வெளியே எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து விசிலை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "இத நீ வச்சுக்கோலே. எங்கிட்ட இருந்தா ஊதிப்போடுவேன்."

என் நாக்கு சும்மா கிடந்திருக்கலாம். "விடும் மாமா, பெரியம்மைக்கு இன்னைக்குத்தான் பஸ்ஸு நிக்கி" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் உடைந்து, ஐஸ் பெட்டிமேல் கவிழ்ந்து அப்படி ஓர் அழுகை. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டும்போது திடீரென்று நினைவு வந்து ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவேன். மாமா மட்டும் அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா பையோடு தெருவில் ஓடிவந்தாள்.

அன்றிலிருந்து நோட்டில் மூன்று கட்டம். போக்கு, வரத்து, காற்று. அக்கா கிளம்பும்போதெல்லாம் பெரியப்பா நேரம் கேட்கமாட்டார். "காத்து எப்படிலே இருக்கு?" என்பார். "உங்கள மாதிரிதான், முறுக்கிட்டு நிக்கி" என்பேன். "போலே மூதி" என்பார். விசிலை ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை.

போன புரட்டாசியில் பெரியப்பா போனார். பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். நேரம் போடும் இடத்தில் "மகள் வந்தவுடன்" என்று எழுதினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒன்றரை நாள் காத்திருந்தோம். அக்கா வந்தாள், பார்த்தாள், அழுது முடித்தாள். தூக்கியவர்கள் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் என் கையில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். விசிலை வாயில் வைத்தேன். இரண்டு ஊத வேண்டும். ஒன்று ஊதினேன். இரண்டாவதற்கு மூச்சு வரவில்லை.

ஒரு ஊதல் என்றால் நில். தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.