சீசன் குத்தகைபோல ஒரு கால்பந்து அணி

ஐந்தருவி சாலையில் மச்சான் குத்தகைக்கு எடுத்திருந்த லாட்ஜில்தான் அந்தப் பேச்சு நடந்தது. அக்காவின் கணவரான அவர் பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். குற்றாலத்தில் லாட்ஜ் குத்தகை என்பது சூதாட்டம்தான். சீசனுக்கு முன்பே மொத்தத் தொகையையும் உரிமையாளரிடம் கட்டிவிட வேண்டும். சாரல் விழுந்தால் லாபம், பொய்த்தால் நட்டம். எப்படி முடிந்தாலும் சீசன் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு வருடம் சாரல் நன்றாக விழுந்தது. அதைத் தன் திறமை என்று அவர் நம்பினார்.

மூன்றாவது வருடம் ஒரு கால்பந்து அணியை வாங்கப்போவதாகச் சொன்னார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், சம்பளத்துக்கு ஆடும் அணி. கையிருப்பு போதாததால் தென்காசியில் அக்கா பெயரில் உள்ள வீட்டை அடமானம் வைக்க வேண்டும். கல்யாணத்தின்போது வாப்பா அவளுக்கு எழுதிக்கொடுத்த வீடு. அவளுக்கு வேறு சொத்து கிடையாது.

பத்திரிகையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்தது. அக்கா அடமானப் பத்திரத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அணியை விற்க வந்த மலையாளி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில்.

“மைதானம் யாருக்கு?” என்று அவரிடம் கேட்டேன்.

“நகராட்சிக்கு. நாம வாடகை.”

“பஸ்?”

“அதும் வாடகை.”

“அப்ப மச்சான் எதத்தான் வாங்குதாரு?”

“பேரு,” என்றார். “நல்ல பேராக்கும்.”

மச்சானுக்கு முகம் சிவந்தது. “கேள்வி கேட்டே பொழைக்கவன்லா நீ. டிக்கெட் வருமானத்தப் பாருலே. சரிவரலன்னா சீசன் முடிஞ்சதும் சாவியக் குடுத்துட்டு வந்துருவேன்.”

“யார்ட்ட குடுப்பீய? இதுல சாவியே கெடையாது மச்சான். ஆட்டக்காரனுவ மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கானுவ. தோத்தாலும் சம்பளம் குடுக்கணும். இதுவரைக்கும் குடுக்காத சம்பளமும் அணிய வாங்குதவர் தலையிலதான்னு எழுதியிருக்கு. கடைசி ரெண்டு இடத்துக்குள்ள வந்தா கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிருவாங்க. விளம்பரக் கம்பெனி அன்னைக்கே போயிரும். சம்பளம் மட்டும் கொறையாது.”

“நீ ஒரு லாட்ஜாவது நடத்திருக்கியா?”

“இல்ல.”

“பொறவு பொத்திட்டு இரி.”

விற்பவர் சிரித்தார். அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றியபடியே அவரைப் பார்த்து, “நீங்க ஏன் விக்கிய?” என்றாள்.

“ஒரு சின்ன நெருக்கடி.”

“சொந்த வீட்டுலதான் இருக்கீயளா?”

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்தார்.

“இப்ப பொண்டாட்டி வீட்டிலாக்கும் தாமசம்,” என்றார் அவர்.

அக்கா பேனாவை மூடினாள். பத்திரத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

விற்பவரின் கார் புறப்பட்டுப் போனதும் மச்சான் என்னிடம் சொன்னார்: “இனிமே என் வீட்டு வாசல மிதிக்காத.”

“அது என் வீடு,” என்றாள் அக்கா.

மச்சான் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். அக்கா கதவைத் திறப்பாள். அவர் டிவியில் ஓடும் கால்பந்தை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.